நூறு ரூபாயாகிப்போன ஸகாத்

ஸகாத்தை நம் மூத்தவர்கள் தமிழில் ‘ஏழைவரி’ என்று எழுதினார்கள். வரி என்றால் கட்ட வேண்டியது; கட்டியவருக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. ஆனால் நம் தெருப்பேச்சில் ‘ஸகாத் கேட்டு வாராங்க’ என்றுதான் சொல்கிறோம். எழுத்தில் கட்டுவது பேச்சில் கேட்பதாக மாறிவிட்டது. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

போன ரமழான் கடைசிப் பத்தில் எங்கள் வீட்டு கேட்டில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அதில் ஓர் உம்மாவின் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றவள் என் வகுப்புப் பிள்ளை. வகுப்பில் முதலில் கை உயர்த்துகிறவள். ‘சேர்’ என்றுகூடச் சொல்லவில்லை.

ஒரு கணக்குப் பார்ப்போம். 40 இலட்சம் ரூபாய்க்கு இரண்டரை வீதம் 1 இலட்சம். அதை 100 ரூபாய்த் தாளாக மாற்றினால் 1,000 கைகளுக்குப் போகும். ஒரு கையின் கஷ்டமும் தீராது. தொழில் தெரிந்த ஏழைக்கு அவனுடைய தொழிற்கருவியின் விலையைக் கொடுக்கலாம் என்று இமாம் நவவி ‘அல்மஜ்மூஉ’வில் எழுதியிருக்கிறார். சுபஹ் குனூத்தை விடாத ஷாபிஈக்கள் நாம். இந்த இடத்தில் மட்டும் மத்ஹபு மறந்துபோகிறது!

2020 மே 21ஆம் திகதி, ஊரடங்குக் காலத்தில், மாளிகாவத்தையில் தனியார் ஒருவர் காசு பகிர்ந்த இடத்தில் நெரிசலில் மூன்று பெண்கள் மௌத்தானார்கள். கொடுத்தவரின் நிய்யத்தை நான் பேசவில்லை. வாசலுக்கு வரச்சொல்லிக் கொடுக்கும் முறையைப் பேசுகிறேன். அதைத்தான் நாமும் சிறிய அளவில் வருடாவருடம் செய்கிறோம்.

‘எல்லாத்தயும் பைத்துஸ் ஸகாத்துக்குக் குடுத்தாச் சரி’ என்பார்கள். பாதி சரி. கமிட்டியால் வீடு கட்டிக் கொடுக்க முடியும், கடனடைக்க முடியும். தனியாள் 1 இலட்சத்தோடு அதைச் செய்வது கஷ்டம். ஆனால் போர்ம் நிரப்பக் கூச்சப்பட்டுப் பட்டினி கிடக்கிறவர்களைக் கமிட்டி எப்படிக் காணும்? எங்கள் உம்மா, விதவையான தன் தங்கச்சிக்குத் தன் ஸகாத்தைக் கொடுத்தபோது அந்தச் சொல்லையே வாயில் எடுக்கவில்லை. ‘தையல் மெசின் ஒண்டு வாங்கிக்க’ என்றார், அவ்வளவுதான். ஸகாத் என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனை இல்லை. பராமரிப்பது நம்மீது கடமையில்லாத உடன்பிறப்புக்குக் கொடுக்கவும் தடையில்லை. உம்மா எந்த நிறுவனத்துக்கும் போகவில்லை. ஆனால் யாருக்கு என்ன தேவை என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

என் வகுப்புப் பிள்ளையின் வீடு எங்கள் தெருவிலிருந்து மூன்றாம் ஒழுங்கையில். வாப்பாவுக்கு என்ன தொழில் என்று அன்றுவரை நான் விசாரித்ததில்லை.