கட்டற்ற இசை என்னும் கற்பிதம்: ‘ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா’வைக் கேட்டல்

1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேப்டன் பீஃப்ஹார்ட்டும் அவர்தம் மேஜிக் பேண்ட் குழுவினரும் வெளியிட்ட ‘ட்ரௌட் மாஸ்க் ரெப்ளிகா’, 28 உருப்படிகளைக் கொண்ட இரட்டை இசைத்தட்டாகும். ஃபிராங்க் ஸப்பா தயாரித்த இத்தொகுப்பு, ராக் இசையுலகில் கேட்பதற்கு மிகக் கடினமானவற்றுள் ஒன்றாக இன்றளவும் சுட்டப்பெறுகிறது. இதனைப் போற்றுவோருள் பலரும் வெறுப்போருள் பலரும் ஒன்றில் மட்டும் உடன்படுகின்றனர்: இது கட்டற்ற இசை என்பர். முன்னவர் அதனை விடுதலை என்கின்றனர். பின்னவர் கூச்சல் என்கின்றனர். இரு தரப்பாருக்கும் பொதுவான அந்தக் கருத்தே பிழையானது என்பதும், அப்பிழை இசைஞர்களின் உழைப்பை மறைத்துவிடுகிறது என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

தொகுப்பின் முதற்பாடலான ‘ஃப்ரௌன்லேண்ட்’ இரண்டு நிமிடங்களுக்கும் குறைவானது. அதில் இரண்டு கிதார்களும் பேஸ் கிதாரும் முரசும் வெவ்வேறு நீளமுள்ள சொற்கட்டுகளை ஒரே வேளையில் வாசிக்கின்றன. சுற்று முடிவில் அனைவரும் ஓரிடத்தில் வந்து கூடுவர் என எதிர்பார்க்கும் செவி ஏமாறுகிறது. இவ்வேமாற்றத்தையே பலர் ஒழுங்கின்மை எனக் கொள்கின்றனர். ஆயின் ‘ஹேர் பை’ என்னும் உருப்படி இத்தொகுப்பில் இருமுறை இடம்பெறுவது நோக்கத்தக்கது. முதல் வடிவம் குழுவினர் தங்கியிருந்த வீட்டில் பதிவானது. அதில் ஊதுகருவிகள் தம் போக்கில் பிளிறுகின்றன. இரண்டாம் வடிவம் ஒலிப்பதிவுக் கூடத்தில், ஊதுகருவிகள் இன்றி இசைக்கப்பெற்றது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்பின், கிதார்களின் ‘மோதல்கள்’ அதே வரிசையில் திரும்ப நிகழ்வதை உணரலாம். தற்செயலான கூச்சலை இருமுறை இவ்வாறு வாசித்தல் இயலாது.

கேப்டன் பீஃப்ஹார்ட் எனப்பட்ட டான் வான் வ்ளீட், இவ்விசை முழுவதையும் எட்டரை மணி நேரத்தில் இயற்றியதாகக் கூறிவந்தார். முரசிசைஞர் ஜான் ஃப்ரெஞ்ச், கிதார் இசைஞர் பில் ஹார்க்கிள்ரோட் ஆகியோரின் நினைவு நூல்கள் தரும் சித்திரம் வேறு. முறையான பியானோ பயிற்சியற்ற வான் வ்ளீட் பியானோவில் தட்டியெழுப்பிய துணுக்குகளை ஃப்ரெஞ்ச் குறியீடாக எழுதி, இணைத்து, ஒவ்வொரு கருவிக்கும் பகிர்ந்தளித்தார். லாஸ் ஏஞ்சலிஸின் உட்லேண்ட் ஹில்ஸ் பகுதியிலிருந்த அவ்வீட்டில், அரைப்பட்டினியிலும் வசைகளுக்கும் அடிகளுக்கும் இடையிலும், மாதக்கணக்கில் நாள்தோறும் பயிற்சி நடந்தது. கூடத்தில் பெரும்பகுதி சில மணி நேரத்திற்குள் பதிவானதற்கு அப்பயிற்சியே காரணம்.

குரல் மட்டும் இதற்கு விலக்கு. வான் வ்ளீட் செவிப்பொறி அணிய மறுத்து, கண்ணாடித் தடுப்பின் வழியே கசிந்த ஒலியை மட்டும் கேட்டுக்கொண்டு பாடினார். ஆகவே குரல் முந்துகிறது, பிந்துகிறது. (அவரது குரலின் வீச்சு வியப்பூட்டுவது என்பதில் ஐயமில்லை.) புதிதாகக் கேட்பவர் பாடகரையே பின்தொடர்வது இயல்பு, தொகுப்பில் பெரிதும் பொருந்தாதிருப்பதும் அக்குரலே. அதனை ஒதுக்கி, ஒரு முறை ஒரு கிதாரை மட்டும், மறுமுறை பேஸை மட்டும் பின்தொடர்ந்தால் கட்டமைப்பு புலப்படத் தொடங்கும். ‘தி சிம்ப்சன்ஸ்’ தொடரை உருவாக்கிய மாட் க்ரோனிங், முதலில் வெறுத்த இத்தொகுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்டே விரும்பியதாகக் கூறியுள்ளார். அது பொறுமைக்குக் கிடைத்த பரிசு என்பதினும் செவி இடம் மாறியதன் விளைவு எனல் பொருந்தும்.

துன்புறுத்தலின் நடுவே உருவான கலையை நயக்கலாமா என்னும் வினா இங்குத் தவிர்க்கவியலாதது. ‘கட்டற்ற மேதைமை’ என்று பாராட்டும் திறனாய்வு அவ்வினாவை எழவே விடுவதில்லை; அங்கு உழைத்தவர் எவருமில்லை, ஊற்றெடுத்தவர் ஒருவரே உளர். வெளியீட்டிற்குமுன் குழுவிலிருந்து வெளியேற்றப்பட்ட ஃப்ரெஞ்சின் பெயர், இசைத்தட்டின் முதற்பதிப்பில் கலைஞர் பட்டியலில் இடம்பெறவில்லை. இத்தொகுப்பைக் குறித்து இனி எழுதுவோர், இயற்றியவராக வான் வ்ளீட்டைச் சுட்டுமிடத்தில் இசைவடிவாக்கம் செய்தவராக ஃப்ரெஞ்சையும் சுட்டுதல் வேண்டும். ‘ஹேர் பை’யின் இரு வடிவங்களே அதற்குப் போதிய சான்று.