கோயிலுக்குப் போகிறவர் எங்கே உட்காருகிறார்?

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டிருந்தார். கிடையாது என்றாகிவிட்டது. ஞானஸ்நானம் பெற்றவர், தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர், அப்படிப்பட்டவர் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் 'நான் இந்து' என்பது அரசியல் சாசனத்தை ஏமாற்றுகிற வேலை என்பது தீர்ப்பின் சாரம். இதற்கு மூன்று வருஷம் முன்பு, 2021இல், சென்னை உயர் நீதிமன்றம் வேறொரு பெண்ணின் வழக்கில் நேர்மாறாகச் சொல்லியிருந்தது. அவர் மருத்துவர், கணவர் கிறிஸ்தவர். அவருடைய மருத்துவமனைச் சுவரில் சிலுவை தொங்கியதைப் பார்த்த அதிகாரிகள் சாதிச் சான்றிதழை ரத்து செய்துவிட்டார்கள். புருஷன் பிள்ளைகளோடு கோயிலுக்குப் போய்வருவதாலேயே ஒருவர் மதம் மாறிவிட்டதாக ஆகாது என்று சொல்லி நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது.

முடிவுகள் வேறுவேறு. ஆனால் இரண்டு இடத்திலும் வாசிப்பு முறை ஒன்றுதான். கோயிலுக்குப் போவது ஒரு சாட்சியம். அதை நிறுத்துப் பார்த்து, ஒருவருக்குச் சாதி இருக்கிறதா போய்விட்டதா என்று முடிவு கட்டலாம். 1950ஆம் வருஷக் குடியரசுத் தலைவர் ஆணை போட்ட கணக்கு இது. இந்துவுக்கு மட்டும் என்றிருந்ததை 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் விரித்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே நிறுத்தப்பட்டார்கள். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போடுகிற மாதிரி சாதியையும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் சனங்கள் உள்ளே போகிறார்கள் என்பது அரசின் விசுவாசம். பாதிரியாருக்குக்கூட இவ்வளவு விசுவாசம் இருக்காது. உள்ளே போனவர் எங்கே உட்கார்ந்தார் என்ற கேள்வி இந்தச் சாதிக் கணக்கில் எங்குமே வருவதில்லை.

அரசை விடுவோம். நம் இலக்கிய வரலாறு என்ன செய்தது? தமிழ் எம்.ஏ. படித்த எவருக்கும் 'கிறித்தவர்களின் தமிழ்த்தொண்டு' என்ற பத்து மார்க் கேள்வி பரிச்சயம். வீரமாமுனிவர், போப், கால்டுவெல், வேதநாயக சாஸ்திரியார் என்று வரிசையாக எழுதிவிட்டு வருவோம். பிரசங்க மேடையில் நின்றவர்களின் வரலாறு அது. கீழே உட்கார்ந்து கேட்டவர்கள் அதில் இல்லை. சாஸ்திரியாரின் 'பெத்லகேம் குறவஞ்சி'யைப் பாடமாக வைக்கிறோம். அதே சாஸ்திரியார் சபைக்குள் சாதி ஆசாரத்தை நியாயப்படுத்தி நூல் எழுதியதைப் பாடத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை. 1833இல் ஆங்கிலிகன் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று சுற்றறிக்கை விட்டபோது தஞ்சாவூர் வேளாளக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போனார்கள். சண்டை வேதாந்தத்தைப் பற்றியதல்ல. ஒன்றாக உட்காருவதா, ஒரே கிண்ணத்தில் நற்கருணை ரசம் குடிப்பதா என்பதுதான் விவகாரம். ஆக, இங்கே கிறிஸ்தவத்தின் பெரிய விவாதங்களில் ஒன்று இருக்கையைப் பற்றியது.

வடக்கன்குளம் இதைக் கட்டடமாகவே எழுதிக் காட்டியது. 1872இல் எழும்பிய அந்தக் கத்தோலிக்கக் கோயிலுக்கு, கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரி, இரண்டு நீண்ட கூடங்கள். வேளாளருக்கு ஒன்று, நாடாருக்கு ஒன்று. இரண்டும் ஒரே பீடத்தில் வந்து சேரும். சாமியார் இரு பக்கத்தையும் பார்க்கலாம், சனங்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. நடுச்சுவர் 1910இல்தான் இடிந்தது. தவறாமல் பூசை கண்டவர்கள்தான் அந்தச் சுவரைக் கேட்டு வாங்கியவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி நம் விஷயம். இயக்கத் தோழர்களிடம் இதையெல்லாம் சொன்னால் உடனே கேட்பார்கள்: "இவ்வளவுக்கு அப்புறமும் ஏன் போறாங்க?" கேள்வி நியாயம் மாதிரிதான் தெரிகிறது. ஆனால் வெளியேறுவது ஒன்றுதான் சுயமரியாதை என்ற முன்முடிவு அதற்குள் உட்கார்ந்திருக்கிறது. பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதை வெளியேற்றத்தின் பிரதியாகத்தான் பெரும்பாலும் வாசித்தோம். மடத்தை விட்டு வெளியே வந்த பெண்ணின் குரல் நமக்கு வசதியாக இருந்தது. அந்தப் பிரதியின் ஊர்ச் சனங்களோ கோயிலை விட்டு வெளியேறவில்லை. கோயிலைக் கூட்டிப் பெருக்குகிறவர்கள் அவர்கள். பெருக்கின பிறகு வந்து முன்னால் உட்காருகிறவர்கள் வேறு ஆட்கள். கல்லறையிலும் இதே பிரிவினை. அப்படியிருந்தும் போகிறார்கள். இதை வெறும் பழக்கம், அபின், ஏமாளித்தனம் என்று ஒதுக்கிவிட்டுப் போகிற விமர்சனத்துக்குப் பிரதியின் பாதி கண்ணில் படவில்லை என்று அர்த்தம்.

"பூசை கண்டாத்தான் மனசு ஆறுது" என்று சொல்கிற ஒரு அம்மாவின் ஆறுதலை நாம் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டியதில்லை. அது உண்மையான ஆறுதல். அதோடு கூடவே இன்னொன்றும் நடக்கிறது. பெருக்கினவளுக்கு அந்தத் தரையின்மேல் ஒரு பாத்தியதை உண்டு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து நிற்பது அந்தப் பாத்தியதையைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொள்வது. பக்தி எங்கே முடிகிறது, உரிமை எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிக்க முடியாது.

அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் 2008இல் நடந்ததை இப்படித்தான் வாசிக்க வேண்டும். அங்கே தலித் கிறிஸ்தவர்கள் மதத்தை விடுகிறோம் என்று சொல்லவில்லை. தங்கள் கோயிலைத் தனிப் பங்காக்கச் சொல்லித் திருச்சபைக்குள்ளேயே நின்று கேட்டார்கள். அதற்குத்தான் வன்னியக் கிறிஸ்தவர்கள் அவர்கள் வீடுகளைத் தாக்கினார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் தாக்கிய தரப்பில் இருவர் செத்தார்கள். இரண்டு தரப்பும் ஒரே மாதாவிடம் ஜெபமாலை சொல்கிறவர்கள்.

தனிப் பங்கு கேட்பது வடக்கன்குளம் சுவரையே திரும்பக் கேட்பதாகாதா? இந்தச் சங்கடத்தை மூடிமறைக்கக் கூடாது. தள்ளி வைக்கிறவன் எழுப்புகிற சுவரும், தள்ளப்பட்டவன் மூச்சுவிடக் கேட்கிற இடமும் ஒன்றல்ல. ஆனால் தனிப் பங்கு கொடுத்துவிட்டால் பழைய கோயிலில் யார் முன்னால் உட்காருவது என்ற கேள்வியிலிருந்து மேற்றிராசனம் சுலபமாகத் தப்பித்துக்கொள்ளும். கோரிக்கையை ஆதரிக்கிறபோதே இதையும் உரக்கச் சொல்லியாக வேண்டும்.

அரசுக் கோப்பில் கோயிலுக்குப் போகிறவருக்குச் சாதி கிடையாது. கோயிலுக்குள்ளோ சாதிதான் அவருக்கு இடம் காட்டுகிறது. 1950 ஆணைக்கு எதிராக 2004இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார்கள். 2022இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். இந்த விவகாரம் வக்கீல்களுடையது என்று எழுதுகிறவர்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. தலித் சனங்கள் பங்குச் சாமியாருக்கும் ஆயருக்கும் எழுதிய மனுக்கள் இருக்கின்றன. பெஞ்சு கேட்டு, கல்லறையில் இடம் கேட்டு, தேர் எங்க தெருவுக்கும் வரணும் என்று கேட்டு எழுதியவை. பாதி பேச்சுத் தமிழ், பாதி வேதாகமத் தமிழ். 'தமிழ்த்தொண்டு' பட்டியலில் இவற்றுக்கு இடமில்லை. ஊர் ஊராகப் போய் அவற்றைத் திரட்டிப் பதிப்பிக்கிற வேலையிலிருந்து தொடங்கலாம்.