நீக்குமுன் கருவியிடம் கேளுங்கள்

கைபேசித் தயாரிப்பில் ஒரே மாடலுக்கு இரண்டு மூன்று கம்பெனிகளின் திரைகளை வாங்கிப் பொருத்துவது வழக்கம். திரையை இயக்கும் டிரைவர் நிரல் அதன் அடையாள எண்ணைப் படித்து, அதற்கேற்ற கட்டளைகளை அனுப்பும். ஒரு கம்பெனியின் திரை உற்பத்தி லைனுக்கு வருவது நின்றுபோனால், அதற்கென எழுதிய பகுதி குப்பையாகத் தோன்றும். அதை நீக்கலாமா?

நீக்கச் சொல்பவர்களின் வாதம் வலுவானது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் கிளம்பி ஏறத்தாழ 40 நொடிகளில் சிதறியது. முந்தைய ஏரியன் 4இலிருந்து அப்படியே எடுத்துவந்த ஒரு கணக்கீடு, புதிய ராக்கெட் கிளம்பிய பிறகு எதற்கும் பயன்படவில்லை; ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் 64 பிட் எண்ணொன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் போக, திசை காட்டும் இரு கணினிகளும் செயலிழந்தன. பயனற்ற நிரல் சும்மா கிடக்கும் என்று நம்ப முடியாது.

ஆனால் டிரைவரில் எது பயனற்றது என்பதை வரிகளைப் படித்து மட்டும் சொல்லிவிட முடியாது. சிப்பின் ஒரு ரெஜிஸ்டரில் (கட்டளைகளை ஏற்கும் சிறு நினைவிடத்தில்) எழுதியதும் அதையே படித்து, வந்த மதிப்பை வீசியெறியும் வரிகளை லினக்ஸ் டிரைவர்களில் பார்க்கலாம். வீண்வேலை போலிருக்கும். ஆனால் கணினியையும் சிப்பையும் இணைக்கும் பிசிஐ பாதையில் எழுதியது வழியிலேயே தேங்கி நிற்கக்கூடும். திருப்பிப் படித்தால்தான் அது சிப்பைச் சேர்ந்தது உறுதியாகும். அந்த வரியை எடுத்துவிட்டால், ரீசெட் கட்டளை போய்ச் சேருமுன்பே அதற்கான காத்திருப்பு நேரம் தொடங்கிவிடும். கோளாறு எப்போதாவதுதான் தலைகாட்டும். அதனாலேயே கண்டுபிடிப்பது கடினம். வேறு வகை நிரலிலும் இப்படி நடந்திருக்கிறது: டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பில் 2006இல் தேவையற்றவை என்று ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலின் ஓரிரு வரிகளை முடக்கினார்கள். அதனால் அது உருவாக்கிய குறியாக்கச் சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவையாகிவிட்டன என்பது 2008 மே மாதம்தான் வெளியே தெரிந்தது.

திரைக்கு வருவோம். நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2014 நவம்பர் 1இல் உற்பத்தியை நிறுத்தியது. அங்கே செய்த கைபேசிகள் அன்றே நின்றுவிடவில்லை. டிரைவருக்கும் இந்தக் கணக்குதான்: லைனில் இல்லாத திரை வாங்கியவர் கையில் இருக்கிறது, அடுத்த அப்டேட் அவருக்கும் போகிறது.

ஆகவே என் தீர்ப்பு: நீக்குங்கள், ஆனால் தேவையில்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு நீக்குபவருடையது. விற்றுப்போன ஒவ்வொரு வகைக் கைபேசியின் மின்சுற்றுப் பலகையிலும் அதன் திரையோடு ஓட்டிப் பார்க்காமல் ஒரு வரியையும் எடுக்கக் கூடாது. அதற்குப் பழைய பலகைகள் வேண்டும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலை மேலாளர்களே, மாடல் மாறும்போது எல்லாவற்றையும் ஸ்கிராப்புக்கு அனுப்பாமல் வகைக்குச் சிலவற்றையாவது சோதனைக்கூடத்தில் எடுத்துவையுங்கள்.