ஆரணித் தொட்டியும் கோண்டாவில் சாடியும்

"பூவோட வாங்கிப் பூவோட சாக விடுறியள், தம்பி." அக்காவின் சம்பந்தியம்மா யாழ்ப்பாணத்துக் கோண்டாவில்காரர். ஆரணிக் கொசப்பாளையத்தில் எங்கள் வாசல் ரோஜா இலை கொட்டி நின்றதைப் பார்த்து அவர் சொன்னது இது. சுருக்கென்றது.

பூத்த செடியைத்தான் வாங்குகிறோம், வாஸ்தவம். நிறம் பார்க்காமல் வண்டிக்காரருக்கு யார் காசு கொடுப்பார்கள்? ஆனால் அந்தச் செடி சுமார் 3,000 அடி உயரத்து ஓசூர்க் குளிரில் வளர்ந்த ஒட்டுக்கன்று. வேரைச் சுற்றிக் களிமண் உருண்டை வேறு. அப்படியே ஆரணி வெயிலில் இறக்கினால் இலை கொட்டத்தான் செய்யும்.

எங்கள் தெருப் பெண்களுக்கு இது தெரியும். பையைக் கிழித்ததும் உருண்டையைப் பக்கெட் தண்ணீரில் ஊறவிட்டுக் களிமண்ணை இளக்குவார்கள். ஒட்டுக்கணு மண்ணுக்கு மேலே நிற்கும்படி நடுவார்கள். இருக்கிற மொட்டை மனசே இல்லாமல் கிள்ளி எறிவார்கள். பத்து நாள் தாழ்வாரத்து நிழல், பிறகு காலை வெயில். மண் காய்ந்தால்தான் தண்ணீர். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் காட்டுத்தளிரை அடியோடு பிய்த்துவிட வேண்டும். விட்டால் அதுவே செடியாகிவிடும். வேர் பிடித்ததும் வரும் முதல் தளிர், தறியில் ஓடும் அரக்குப் பாவு நிறத்தில் இருக்கும். அதற்குப் பிறகுதான் எரு.

யாழ்ப்பாணத்தில் தொட்டி சாடியாகிறது, உரம் பசளையாகிறது. கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தவரை, அங்கே முற்றத்து நிழலிலேயே கொப்பை ஊன்றியோ பதியம் போட்டோ கன்று எடுக்கிறார்கள். பிறந்த மண்ணிலேயே வளர்வதால் அதிர்ச்சி குறைவு. நல்ல முறைதான். ஆனால் எல்லா நிறத்து ரோஜாவும் கொப்பிலிருந்து அவ்வளவு சுலபமாக வேர் விடாது. சுண்ணாம்புக்கல் கிணற்றுத் தண்ணீருக்கு இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும் தொல்லையும் உண்டு. எங்கள் போர்த் தண்ணீரும் உப்புதான், ஆனால் ஐப்பசி மழை அதைக் கழுவிவிடும். அங்கேயும் அதே மழைதான் என்பார் சம்பந்தியம்மா. இருக்கட்டும்.

பேச்சு முற்றினால் அவர்கள் இலங்கையின் ஹக்கலவைக் காட்டுவார்கள். 1861இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கி, பின்னர் ரோஜாவுக்குப் பேர்போன தோட்டம். நமக்கு ஊட்டி இருக்கிறது: 1995இல் அமைத்த ரோஜாப் பூங்கா, 2006இல் உலக ரோஜாச் சங்கங்களின் கூட்டமைப்பு விருதும் வாங்கியது. மலைக்குளிரில் ரோஜா பூப்பது என்ன அதிசயம்? நெல்லவிக்கிற ஊரில் பூக்கவைப்பதல்லவா சாமர்த்தியம்!

ஆகவே, இலை கொட்டியதும் செடியைப் பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. காய்ந்த நுனியைப் பச்சை வரைக்கும் வெட்டிவிடுங்கள். பூத்து முடிந்த கிளையை ஐந்திலைக் கொத்துக்குச் சற்று மேலே கத்தரியுங்கள். ஆறேழு வாரத்தில் அடுத்த பூ வரும்.