அஞ்சலட்டையின் மறுபக்கம்

நந்தலால் போஸ் (1882–1966) சாந்திநிகேதனிலிருந்து மாணவர்களுக்கும் நண்பர்களுக்கும் அஞ்சலட்டைகளில் சித்திரம் வரைந்து அனுப்பிவந்தார். சில மைக்கோடுகளே, எனினும் பெறுபவரை மனத்தில் இருத்தி வரைந்தவை. ஆகவே முகவரியும் அவற்றின் ஒரு பகுதியே. அமெரிக்கரான ரே ஜான்சனோ (1927–1995) இதனைக் கூட்டுப் படைப்பாகவே ஆக்கினார்: தாம் அனுப்பிய தாளில் எதையேனும் சேர்த்துத் திருப்பியனுப்புமாறு சக கலைஞர்களைக் கேட்டார். பின்னர் வளர்ந்த அஞ்சல் கலைக் கண்காட்சிகளில் நடுவர் கிடையாது. வந்தவை அனைத்தையும் வைப்பதே மரபு. தரம் தாழும் என்பர். தாழத்தான் செய்கிறது. ஆயினும், தன் கோட்டின்மேல் நண்பர் இட்ட கோட்டைக் காணும் இன்பம் விலைக்கு வாங்கிய ஓவியத்தில் ஏது? இவ்வட்டைகளின் படப்பக்கத்தை மட்டும் காட்டும் காட்சிக்கூடங்கள் அந்த உறவையே மறைத்துவிடுகின்றன. முகவரியும் அஞ்சல் முத்திரையும் தெரியுமாறு இருபுறமும் கண்ணாடி பொருத்துவது பெருஞ்செலவன்று.