வளவுக் குருவியும் தை மாத வானமும்

வீரமுனை வளவுகளில் மாரிகாலத்தில் படம் பிடிக்கிறவருக்கு முதல் பரிசு ஆறுமணிக்குருவிதான். இந்தியாவிலிருந்து ஐப்பசி வாக்கில் வந்து சித்திரை வரை தங்கும். மாமரத்தடிச் சருகைக் கிளறித் திரியும் அதை நின்றபடி எடுத்தால் முதுகுப் பச்சை மட்டுமே கிடைக்கும். தரையோடு படுத்தால்தான் அடிவயிற்றுச் சிவப்பும் கண்ணோரக் கறுப்புப் பட்டையும் தெரியும். அந்திக் கருக்கலில் அது கூவும்போது வெளிச்சம் போதாது. ஆனாலும் சற்றே கலங்கிய அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள். அந்த நேரத்தின் நிறம் அதில்தான் இருக்கிறது.

தேன்சிட்டுக்கு ஒரு நொடியின் 1,000இல் ஒரு பங்கு போதும். வானத்துக்கோ 20 நொடி வேண்டும். தையில் மழை விட்டதும், கிழக்கே காரைதீவு, கல்முனை விளக்குகளுக்கு முதுகு காட்டி, வயல் பக்கம் முக்காலியை நிறுத்தலாம். நமது 7 பாகை வட அகலக்கோட்டில் ஓரியன் ஏறத்தாழ உச்சிக்கே வரும். தெற்கே அகத்திய நட்சத்திரம் 30 பாகை உயரம் ஏறும். இலண்டனில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. நீண்ட நேரம் திறந்து வைத்தால் ஓரியனின் இடைப்பட்டி மூன்றும் நேர்கோடுகளாக இழுபடும். துருவத்தைச் சுற்றும் வட்டங்களைவிட எனக்கு அந்தக் கோடுகளே அழகு. பனி இறங்கினால் வில்லை மங்கும். பருத்தித் துணியொன்று கையில் இருக்கட்டும்.