முத்தும் மூச்சும்

தூத்துக்குடிக்குப் போகிறவர் என்ன புத்தகம் எடுத்துப் போகலாம் என்று கேட்டால், ‘எரித்ரேயக் கடலின் பெரிப்ளூஸ்’ என்பேன். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வாணிபம் செய்த, பெயர் தெரியாத ஒரு கிரேக்கர் எழுதியது. இலக்கியம் என்று சொல்ல முடியாது. எந்தத் துறையில் எந்தச் சரக்கு ஏறும், எது இறங்கும் என்ற கணக்குத்தான். ஆனால் அந்தக் கணக்கில் நம் கொற்கை ‘கொல்கோய்’ என்ற பெயரில் இருக்கிறது.

1912-ல் வெளியான ஷாஃப் என்பவரின் ஆங்கில மொழிபெயர்ப்பில்தான் அதை முதலில் படித்தேன். முத்தெடுப்பதை, மீன்பிடிப்பைக் குறிக்கும் சொல்லாலேயே அவர் சொல்லியிருந்தார். பின்னால், எழுத்துக்கூட்டும் அளவுக்குக் கிரேக்கம் கற்றுக்கொண்டு மூலத்தைப் பார்த்தேன். அங்கே மீனே இல்லை! ‘கொலும்பேசிஸ்’ என்று இருந்தது. மூழ்குதல் என்று பொருள். நாம் ‘முத்துக்குளிப்பு’ என்கிறோமே, அதே பார்வை. ஆங்கிலச் சொல் தொழிலைப் பார்க்கிறது. கிரேக்கமும் தமிழும் தண்ணீருக்குள் இறங்குகிற மனிதனைப் பார்க்கின்றன.

ஆனால் அந்த மனிதனைத் ‘தண்டனை பெற்றவன்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார் ஆசிரியர். இந்தப் பக்கம் அவர் வந்ததே இல்லை, கேள்விப்பட்டுத்தான் எழுதினார் என்று கருதுவோரும் உண்டு.

இதே கரையை நேரில் பார்த்து எழுதியவர் ஜேம்ஸ் ஹார்னெல். சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றியவர். இந்தியப் படகுகளைப் பற்றி 1920-ல் வெளியான ஆராய்ச்சியில், பசிபிக் கடலோடிகளான பாலினீசியர் பழங்காலத்தில் இங்கே வந்து கலந்திருக்க வேண்டும் என்றார். பரவரிடம் அவர்கள் சாயலைக் கண்டார். முடிவு சான்றுகளை மிஞ்சியதுதான். ஆயினும் கிரேக்கர் கைதியைக் கண்ட இடத்தில் இவர் கடலோடியைக் கண்டார். படகை அருகே போய்ப் பார்த்தவருக்கும் விலைப்பட்டியல் எழுதியவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

கொற்கை இன்று கடலை விட்டு உள்ளே ஒதுங்கிவிட்ட சிற்றூர். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-ல் நடந்தது. அதில் வாலிபராக இறங்கிய ஒரு பெரியவரைப் பனிமய மாதா கோயில் அருகே சந்தித்தேன். காலில் கல்லைக் கட்டி இறங்குவதையும், மூச்சு முட்டியதும் கயிற்றை அசைப்பதையும் சொன்னார். கிரேக்கர் எழுதியதை நான் சொன்னேன். சற்று யோசித்தார்.

“குத்தவாளி இறங்கினாம்னே வச்சுக்கிடுவோம். மேலே அவன் கயித்தைப் பிடிச்சது யாருய்யா?” என்று கேட்டார்.

பெரிப்ளூஸில் அதற்குப் பதில் இல்லை.